திறப்பைத் திருப்பினால் வண்டி இயங்க வேண்டும்



வடக்கு, கிழக்கில் பெண்கள் வாகனம் ஓட்டுவது இன்று புதினமான காட்சியல்ல. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் முச்சக்கர வண்டியிலும், சந்தைக்கு மரக்கறி கொண்டு செல்லும் சிறிய லொறியிலும், ஊரூராகப் போய்த் துணி விற்கும் ஸ்கூட்டரிலும் நம்மைக் காணலாம். யுத்தத்தில் கணவரை இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவரை இன்னமும் தேடிக்கொண்டிருப்பவர்கள், உடலில் காயத்தோடு வாழ்பவர்கள் எனப் பலரும் இத்தொழிலில் இருக்கிறோம். ஓட்டப் பழகியது போல வண்டியின் பழுதுகளை அறியவும் நாம் பழகினால், தொழிலில் பாதிப் பயம் போய்விடும். அந்த எண்ணத்துடன்தான் ஸ்ராட்டர் மோட்டரைப் பற்றி இங்கே எழுதுகிறேன். நமது பகுதிகளில் அதனைச் ‘செல்ப் மோட்டர்’ என்றோ, சுருக்கமாகச் ‘செல்ப்’ என்றோதான் சொல்வார்கள்.

ஏன் இந்த ஒரு பொருள்?

நான் 2014ஆம் ஆண்டு லீசிங்கில் முச்சக்கர வண்டி ஒன்றை எடுத்து அன்று தொடக்கம் கிளிநொச்சியில் ஓட்டி வருகிறேன். 2009ஆம் ஆண்டு தோளில் ஏறிய செல் துண்டு ஒன்று இன்னமும் உள்ளேதான் இருக்கிறது. அந்தக் கையால் நீர் நிறைந்த வாளியைத் தூக்கவும் முடியாது. எனது வண்டியில் செல்ப் வேலை செய்யாவிட்டால், கீழேயுள்ள கை லீவரைப் பலமாக இழுத்துத்தான் எஞ்சினை இயக்க வேண்டும். என்னால் அது முடியாது. ஆகவே செல்ப் நின்றுவிட்டால் எனக்குத் தொழிலும் நின்றுவிடும்.

எனக்கு மட்டுமல்ல. எங்கள் பக்கத்து ஊரில் செயற்கைக் காலோடு ஸ்கூட்டர் ஓட்டும் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். அவளால் கிக்கரை உதைக்க முடியாது. இன்னொரு அக்காவுக்குக் கை கால் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் மாலையில் ரியூசன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, சனநடமாட்டமில்லாத காட்டுவழியால் வருகிறவர். அங்கே வண்டி நின்றால் தள்ளிவிட ஆளில்லை. வருகிற ஆள் யாரென்றும் தெரியாது. ரயர் காற்றுப் போனால் மெதுவாக உருட்டியாவது ஒரு வீட்டு வாசலுக்குப் போகலாம். செல்ப் நின்றால் யாருடையவோ கையை எதிர்பார்த்து வீதியில் நிற்க வேண்டும். பெண்ணுக்கு அந்த நிலை எவ்வளவு சங்கடமானது என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கைபிடி சுற்றிய காலம்

ஆரம்ப காலப் பெற்றோல் கார்களை இயக்க, முன்பக்கத்தில் ஓர் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுற்றவேண்டும். சில வேளைகளில் எஞ்சின் எதிர்த்து உதைக்கும், மணிக்கட்டு முறியும். அமெரிக்காவில் சார்ள்ஸ் கெட்டரிங் என்ற பொறியியலாளரும் அவரது குழுவினரும் உருவாக்கிய மின்சார ஸ்ராட்டர், 1912ஆம் ஆண்டில் கடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. உடற்பலம் உள்ளவர் மட்டுமே காரை இயக்கலாம் என்ற நிலை அதன்பின் மாறியது. பெண்கள் பெற்றோல் கார் ஓட்டுவது பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நமது மூத்தவர்களுக்கு அந்தக் கைபிடி நன்றாகத் தெரியும். பெற்றோலும் பற்றறியும் தடைசெய்யப்பட்டிருந்த 1990களில், யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பழைய ஏ-போட்டி, மொறிஸ் மைனர் கார்கள் துளி பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடின. பற்றறி இல்லாதபோது கைபிடியைச் சுற்றினார்கள், அல்லது நாலுபேர் கூடித் தள்ளினார்கள். அந்நாட்களில் கார் ஓட்டியவர்களில் பெண்களைக் காண்பது அரிது.

உள்ளே என்ன நடக்கிறது?

எஞ்சின் தானாகச் சுழலத் தொடங்காது. முதற் சுழற்சியை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். அதைக் கொடுப்பதே இந்த மோட்டரின் வேலை. இதில் நாம் அறிய வேண்டிய பகுதிகள் நான்கு.

முதலாவது சொலினொயிட் அல்லது றிலே. பெரிய வாகனங்களில் இது மோட்டரின் முதுகிலேயே சிறிய உருளையாக இருக்கும். ஸ்கூட்டர் போன்ற சிறிய வண்டிகளில் பற்றறிக்கு அருகே றிலேயாகத் தனியே இருக்கும். குளத்தின் துருசை நினைத்துப் பாருங்கள். ஒருவர் கையால் துருசைத் திறக்க, பெரும் நீர் வாய்க்காலில் பாய்கிறது. திறப்பைத் திருப்பும்போது மெல்லிய வயரால் வரும் சிறிய மின்னோட்டம் சொலினொயிட்டைத் திறக்கும். அது திறந்ததும் தடித்த வயரால் பெரிய மின்னோட்டம் மோட்டருக்குப் பாயும்.

எவ்வளவு பெரிது என்றால், 35 வாற்று தலைவிளக்கு ஒன்று ஏறத்தாழ 3 அம்பியர் மின்னோட்டத்தையே எடுக்கும். ஒரு காரின் ஸ்ராட்டர் மோட்டர் 100 அம்பியருக்கு மேலும் எடுக்கும். முச்சக்கர வண்டியில் இதைவிடக் குறைவு. ஆயினும் வண்டியில் உள்ள வேறெந்த மின்பொருளையும் விட மிக அதிகம். ஆகவேதான் அந்த வயர் அவ்வளவு தடிப்பு.

இரண்டாவது, காபன் பிறஷ். சுழலும் ஆமேச்சருக்கு மின்னைக் கொடுப்பவை இந்தச் சிறிய கரிக்கட்டைகள். உரசி உரசித் தேய்வது இவற்றின் இயல்பு.

மூன்றாவது, ஆமேச்சர். கம்பி சுற்றிய சுழலும் தண்டு இது. இதன் இரு முனைகளையும் புஷ் என்னும் சிறு வளையங்கள் தாங்கி நிற்கும்.

நான்காவது, பென்டிக்ஸ். மோட்டரின் முனையிலுள்ள சிறிய பற்சில்லும் அதன் ஒருவழிக் கிளச்சும் சேர்ந்தது இது. சிறிய பற்சில்லு முன்னே பாய்ந்து எஞ்சினின் பெரிய பற்சில்லைக் கடித்துச் சுழற்றும். எஞ்சின் இயங்கியதும் பின்வாங்கிவிடும். கார், வான்களில் மோட்டர் பத்துத் தடவைக்கு மேல் சுற்றினால்தான் எஞ்சின் ஒரு தடவை சுற்றும். சின்ன மோட்டர் பெரிய எஞ்சினைச் சுழற்றும் இரகசியம் அதுதான்.

சத்தத்தைக் கேளுங்கள்

சில வருடங்களுக்கு முன், ஒரு நாட் காலை எனது வண்டியின் செல்ப் ‘டொக்’ என்ற சத்தத்தோடு நின்றது. ஒரு கராஜில் காட்டினேன். கழற்றிப் பார்க்காமலேயே, “அக்கா, மோட்டர் முடிஞ்சுது. புதுசுதான் போடோணும்” என்றார்கள். அன்று என்னிடம் இருந்தது அந்த மாத லீசிங் கட்டுக்காசு மட்டுமே. வேறொருவரிடமும் கேட்டுப் பார்ப்போம் என்று, வாகன மின்வேலை செய்யும் வயதான ஐயா ஒருவரிடம் வண்டியைத் தள்ளுவித்துக் கொண்டுபோனேன்.

அவர் மோட்டரைத் தொடவேயில்லை. “பிள்ளை, லைற்றைப் போட்டிட்டுச் செல்பை அடி” என்றார். அடித்தேன். லைற் அணைந்தே போனது. “மோட்டர் சாகேல்லை. அதுக்குச் சாப்பாடு போகேல்லை” என்று சொல்லிவிட்டு, பற்றறியிலிருந்து உடற்சட்டத்துக்குப் போகும் கறுப்பு வயரைக் கழற்றிக் காட்டினார். அதன் முனை பச்சைநிறமாகப் பூத்து, கம்பிகளில் பாதி இற்றுப் போயிருந்தது. புது வயர் ஒன்று போட்டார். செல்ப் அடித்தது. மோட்டரின் விலையில் மிகச் சிறு பங்கே செலவானது. அன்று தொடக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரது கடையில் போயிருந்து வேலை பழகத் தொடங்கினேன். அவர் சொல்லித் தந்ததையும் எனது அனுபவத்தில் கண்டதையும் கீழே தருகிறேன்.

*சத்தமே இல்லை, விளக்கும் மங்கல்:* பற்றறி இறங்கியுள்ளது அல்லது அதன் முனைகள் தளர்ந்துள்ளன.

*சத்தமே இல்லை, விளக்கு நல்ல வெளிச்சம்:* திறப்புச் சுவிச்சு, பியூஸ், றிலே அல்லது மெல்லிய வயரில் பழுது. சில வண்டிகளில் கிளச் பிடித்தால்தான் அல்லது கியர் நியூட்ரலில் இருந்தால்தான் செல்ப் அடிக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

*‘டக டக டக’ என்று விடாமல் அடிக்கிறது:* பெரும்பாலும் பற்றறியில் சார்ஜ் குறைவு.

*‘டொக்’ என்று ஒரே ஒரு சத்தம்:* பற்றறி, அதன் முனைகள், உடலோடு சேரும் வயர், சொலினொயிட்டின் உட்தொடுகை, காபன் பிறஷ் ஆகிய ஐந்தில் ஒன்று. இந்த ஒழுங்கிலேயே தேடுங்கள். செலவு குறைந்தது முதலில் வரும்.

*மெதுவாக, முனகிச் சுற்றுகிறது:* பற்றறி பலமிழந்துள்ளது, அல்லது மோட்டரின் புஷ் தேய்ந்து ஆமேச்சர் உள்ளே உரசுகிறது.

*மோட்டர் ‘விர்’ என்று சுற்றுகிறது, எஞ்சின் அசையவில்லை:* பென்டிக்ஸ் பழுது. பற்றறியை மாற்றிப் பயனில்லை.

*‘கரகர’ என்று பல் கடிக்கும் சத்தம்:* பற்கள் தேய்ந்துள்ளன அல்லது மோட்டரின் ஆணிகள் தளர்ந்துள்ளன. இதனுடன் ஓட வேண்டாம். எஞ்சினின் பெரிய பற்சில்லும் பழுதானால் செலவு பன்மடங்காகும்.

*திறப்பை விட்ட பின்னும் மோட்டர் சுற்றிக்கொண்டே இருக்கிறது:* சொலினொயிட் உள்ளே ஒட்டிக்கொண்டது. உடனே திறப்பை அணைத்து, பற்றறியின் கறுப்பு வயரைக் கழற்றுங்கள். தாமதித்தால் மோட்டரும் வயரும் எரியும்.

மீற்றரால் பார்த்தல்

மல்ரிமீற்றர் எனப்படும் சிறிய அளவைக் கருவி இருந்தால் ஊகிக்கத் தேவையில்லை. சில மணிநேரம் ஓடாமல் நின்ற வண்டியில் நல்ல பற்றறி 12.6 வோல்ற் அளவு காட்டும். 12.2 என்றால் பாதி இறங்கிவிட்டது. செல்ப் அடிக்கும்போது 10 வோல்றுக்குக் கீழே வெகுவாக விழுந்தால், பற்றறிக்குப் பலமில்லை. எஞ்சின் ஓடும்போது 13.8 தொடக்கம் 14.5 வரை காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் சார்ஜ் ஏறவில்லை. அந்நிலையில் புதுப் பற்றறி போட்டாலும் சில நாட்களில் அதுவும் இறங்கிவிடும்.

வயரையும் பார்க்கலாம். மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் நேர் முனையிலும் மற்றதை மோட்டரின் தடித்த வயர் பூட்டிய இடத்திலும் வைத்து, ஒருவரைச் செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்றுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ தடை இருக்கிறது. நூறு அம்பியர் ஓடும் வயரில், ஓர் ஓமின் நூறில் இரண்டு பங்குத் தடை இருந்தாலே 2 வோல்ற் வழியிற் காணாமற் போய்விடும். முனையிற் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி இவ்வளவு பெரிய வேலையைச் செய்துவிடுகிறது.

மோட்டரின் முதுகில் சொலினொயிட் உள்ள வண்டியானால் இன்னொரு சோதனையும் உண்டு. சொலினொயிட்டில் தடித்த முனைகள் இரண்டு இருக்கும். ஒன்று பற்றறியிலிருந்து வருவது. மற்றது மோட்டருக்குள் போவது. செல்ப் அடிக்கும்போது உள்ளே போகும் முனைக்கு மின் வந்தும் மோட்டர் சுற்றாவிட்டால், பழுது மோட்டருக்குள். ‘டொக்’ சத்தம் கேட்டும் அந்த முனைக்கு மின் வராவிட்டால், பழுது சொலினொயிட்டில். இதனை அறிந்துகொண்டு கராஜுக்குப் போகிறவரை ஏமாற்றுவது கடினம்.

பழுதாகாமல் பேணுவது

மாதம் ஒரு தடவை பற்றறியின் முனைகளைக் கழற்றித் துப்புரவு செய்யுங்கள். இளஞ்சூட்டு நீரில் சிறிது அப்பச்சோடா கரைத்து, பழைய பல்துலக்கும் பிறஷால் தேய்த்தால் அந்தப் பூப்பு நுரைத்துக் கழன்றுவிடும். பற்றறியின் மூடித் துவாரங்களுக்குள் அந்நீர் போகக்கூடாது. துடைத்துக் காயவிட்டு, இறுக்கிப் பூட்டி, மேலே மெல்லியதாக வசிலின் பூசுங்கள். நீர் ஊற்றும் வகைப் பற்றறியானால் பற்றறிக்கென விற்கும் வடிநீரையே ஊற்றுங்கள். கிணற்று நீர் ஆகாது. பற்றறிக்கு அருகில் நெருப்புக்குச்சி தட்ட வேண்டாம். அதிலிருந்து வெளிவரும் வாயு தீப்பற்றக் கூடியது. அசிற் தோலிற் பட்டால் நிறைய நீரால் கழுவுங்கள்.

செல்பை ஒரு தடவையில் ஐந்து செக்கனுக்கு மேல் அடிக்காதீர்கள். அடித்தபின் அரை நிமிடமாவது ஆறவிடுங்கள். மூன்று தடவைக்கும் இயங்காவிட்டால் பழுது வேறெங்கோ இருக்கிறது. பெற்றோல் வருகிறதா, பிளக் துப்புரவாக உள்ளதா என்று பாருங்கள். செல்ப் மோட்டர் சிறிது நேரம் மட்டும் பலமாக வேலைசெய்வதற்காகச் செய்யப்பட்டது. தொடர்ந்து அடித்தால் உள்ளே சுருள் சூடேறிக் கருகும். 2022இல் எரிபொருள் வரிசைகளில் நின்ற சகோதரிகளுக்கு இது நினைவிருக்கும். நாலடி நகர ஒரு தடவை செல்ப் அடித்து, பற்றறி இறங்கி, கடைசியில் கையால் தள்ளியே வரிசையில் நகர்ந்தோம்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது தவறியும் செல்ப் அடிக்க வேண்டாம். ஒயில் கசிவு மோட்டரின் மேல் விழுந்தால் கசிவை உடனே அடையுங்கள். வண்டியைக் கழுவும்போது வேகமான நீரை மோட்டரின் மேல் நேராகப் பாய்ச்சாதீர்கள்.

நமது பகுதிக்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று, கோடையில் கிரவல் வீதியின் செம்புழுதி. மற்றது, மாரி வெள்ளம். 2018ஆம் ஆண்டு மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வந்தபோது பல வண்டிகள் நீருள் நின்றன. மோட்டர் எஞ்சினின் தாழ்வான பகுதியில் இருப்பதால் சேற்றுநீர் உள்ளே போய்விடும். அடுத்த நாள் அடித்துப் பார்த்தால் அடிக்கும். சில வாரங்களில் துருப்பிடித்து இறுகும். மோட்டர் நீரில் மூழ்கியிருந்தால், நன்றாக வேலை செய்தாலும் கழற்றித் திறந்து காயவைப்பதே மேல்.

கழற்றி மாற்றும் முறை

சோதித்துப் பார்த்து, பழுது மோட்டரில்தான் என்று தெரிந்தபின் கழற்றலாம். பல வண்டிகளில் இரண்டே ஆணிகளில்தான் அது நிற்கிறது. முதற் தடவை விடயம் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சில்லுக்குக் கல் அணை கொடுங்கள். எஞ்சின் ஆறட்டும். திறப்பை எடுத்துச் சட்டைப்பையில் போடுங்கள். காப்பு, மோதிரம், சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, தலைமயிரையும் துப்பட்டாவையும் இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். பற்றறிக்கும் உடலுக்கும் நடுவே காப்பு அகப்பட்டால் அது செஞ்சூடாகும்.

2. பற்றறியின் கறுப்பு வயரை முதலில் கழற்றுங்கள். சிவப்பை முதலில் கழற்றினால், ஸ்பனர் உடற்சட்டத்தில் பட்டதும் பெரும் பொறி பறக்கும். கறுப்பைக் கழற்றிவிட்டால் அந்த ஆபத்து இல்லை.

3. எந்த வயர் எங்கே என்று கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின் தடித்த வயரையும், மெல்லிய வயர் இருந்தால் அதையும் கழற்றுங்கள்.

4. மோட்டரின் ஆணிகளைத் தளர்த்துங்கள். கடைசி ஆணியைக் கழற்றும்போது மறுகையால் மோட்டரைத் தாங்கிக்கொள்ளுங்கள். அது பார்வைக்குச் சிறியது, பாரம் கூடியது. என்னைப் போல் கையில் பலமில்லாதவர்கள் கீழே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுக்கலாம்.

5. மோட்டரை எடுத்ததும், அந்தத் துவாரத்தினுள் ரோச் அடித்து எஞ்சினின் பற்சில்லைப் பாருங்கள். பற்கள் உடைந்திருந்தால் புது மோட்டரும் விரைவில் பழுதாகும்.

6. புதியதையும் பழையதையும் அருகருகே வையுங்கள். பற்களின் எண்ணிக்கை, முனையின் நீளம், ஆணித் துவாரங்கள், சுற்றும் திசை, 12 வோல்ற் என்ற குறிப்பு ஆகிய ஐந்தும் ஒத்திருக்க வேண்டும்.

7. மோட்டர் எஞ்சினோடு சேரும் முகத்தை அரத்தாளால் தேய்த்துத் துடையுங்கள். மின் திரும்பிப் போகும் வழி அதுதான். அங்கே துருவோ பெயின்றோ இருக்கக்கூடாது.

8. இரண்டு ஆணிகளையும் முதலில் கையால் ஏற்றி, பின் மாறி மாறி இறுக்குங்கள். தடித்த வயரின் நட்டை இறுக்கும்போது அடியில் உள்ள நட்டை இன்னொரு ஸ்பனரால் பிடித்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் உள்ளே முனை முறுகி உடையும். றப்பர் மூடி இருந்தால் அதனைத் திரும்பப் போடுங்கள்.

9. பற்றறியின் கறுப்பு வயரைக் கடைசியாகப் பூட்டுங்கள். கியர் நியூட்ரலில் உள்ளதா என்று பார்த்தபின் செல்ப் அடியுங்கள்.

திருத்துவதா, புதிது போடுவதா?

வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டபின் பல வருடங்களாகப் பழைய வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியது. ஆகவே முழு மோட்டரையும் மாற்ற முன், உள்ளே எது போயிற்று என்று கேளுங்கள். காபன் பிறஷ் புதியதின் அரைவாசி நீளத்துக்குத் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம். அதன் விலை சொற்பம். புஷ், பென்டிக்ஸ் ஆகியவற்றையும் தனியாக மாற்றலாம். பிறஷ் உரசும் செப்பு வளையத்தை மென்மையான அரத்தாளால் துடைக்கலாம். எமரித்தாள் வேண்டாம், அதன் துகள் செப்புக்கிடையில் தங்கிக் கோளாறு கொடுக்கும். ஆமேச்சர் கருகி எரிந்த மணம் வந்தால், அல்லது உள்ளே உரசி வெட்டுப்பட்டிருந்தால், முழுவதையும் மாற்றுவதே இலாபம்.

செயற்கைக் கால் போட்ட தங்கச்சியின் ஸ்கூட்டரிலும் இதுவே நடந்தது. புது மோட்டர் வாங்கக் கடன் கேட்டுத் திரிந்தாள். “கழற்றிப் பார்த்திட்டுக் கடன் வாங்குவம், பொறு” என்றேன். திறந்தோம். பிறஷ் இரண்டும் தேய்ந்து ஒன்று உள்ளேயே சிக்கியிருந்தது. இரண்டையும் மாற்றினோம். அவள் கடன் வாங்கவில்லை.

கராஜில் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு. “பற்றறியையும் வயரையும் சோதித்தீர்களா?” “மோட்டருக்குள் எந்தப் பாகம் பழுது?” “மாற்றிய பழைய பாகத்தை எனக்குத் தருவீர்களா?” “புதியதற்கு உத்தரவாதமும் பற்றுச்சீட்டும் உண்டா?” இவற்றைக் கோபமில்லாமல், அமைதியாகக் கேளுங்கள். நேர்மையான வேலைகாரர் மகிழ்ந்து பதில் சொல்வார்.

வழியில் நின்றால்

முதலில் விளக்கு, பாட்டு எல்லாவற்றையும் அணையுங்கள். பற்றறி முனைகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் இறுக்கிவிட்டு மீண்டும் அடியுங்கள். ‘டொக்’ சத்தம் மட்டும் வந்தால், ஒருவர் செல்பைப் பிடித்திருக்க, மற்றவர் ஒரு தடியால் மோட்டரின் உடலில் மெதுவாகத் தட்டலாம். சிக்கிய பிறஷ் விடுபட்டு ஒரு தடவை இயங்கக் கூடும். சுத்தியலால் அடிக்க வேண்டாம். காந்தம் வைத்த மோட்டரானால் அது வெடித்துவிடும். இப்படித் தட்டி இயக்கினால் எஞ்சினை அணைக்காமல் நேராகத் திருத்துமிடத்துக்குப் போங்கள். ஸ்குரூ டிரைவரால் இரு தடித்த முனைகளையும் தொடுத்து இயக்க எவராவது வந்தால் இடங்கொடாதீர்கள். கியர் விழுந்திருந்தால் வண்டி பாயும்; பெற்றோல் கசிந்திருந்தால் தீப்பிடிக்கும்.

சேர்ந்து செய்யக்கூடியது

ஒரு மல்ரிமீற்றர், 8 தொடக்கம் 17 வரையான ஸ்பனர் தொகுதி, ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு ரோச், இரண்டு பற்றறிகளைத் தொடுக்கும் தடித்த வயர் ஒரு சோடி. இவ்வளவையும் ஒருத்தி தனியாக வாங்குவது பாரம். உங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒரு தொகுதி வாங்கிப் பொதுவில் வைத்தால், வாகனம் ஓட்டும் எல்லாச் சகோதரிகளுக்கும் உதவும். எங்கள் பகுதியில் நாங்கள் ஐந்து பேர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் ஒரு முற்றத்தில் கூடி, ஐந்து வண்டிகளின் பற்றறி முனைகளையும் துப்புரவு செய்கிறோம். ஒருத்திக்குத் தெரியாதது இன்னொருத்திக்குத் தெரிகிறது.

இதனைத் தொழிலாகவே பழக விரும்பும் பிள்ளைகளும் நம் வீடுகளில் இருக்கலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களிலும், கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்திலும் வாகனத் தொழினுட்பம் கற்பிக்கப்படுகிறது. இவை பெண்பிள்ளைகளும் விண்ணப்பிக்கக் கூடியவை. ‘கறல் பிடிச்ச வேலை பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு’ என்று சொல்லும் உறவினர் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களுடைய வண்டி செல்ப் அடிக்காமல் நிற்கும் நாளில் அந்தப் பிள்ளையையே கூப்பிடுவார்கள்.

இதழைக் கீழே வைத்ததும் ஒரு வேலை செய்யுங்கள். வெளியே போய், உங்கள் வண்டியின் பற்றறி எங்கே இருக்கிறது, அதன் கறுப்பு வயர் எங்கே போய் முடிகிறது என்று கண்டுபிடியுங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் அப்பச்சோடா குசினியில் இருக்கும்.